அரை சுரம்

ஓஹையோவில் எங்கள் கல்லூரிக்கு இசை படிக்க வருகிறவர்களுக்கு எந்த வகுப்பு என்று தீர்மானிப்பது என் காதுதான். உதவியாளர் ரூத் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டுவாள். அது என்ன சுரம் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக நான் பியானோவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

இந்த ஆகஸ்டில் முதலில் வந்தவள் டெஸ்ஸா.

"சி," என்றாள்.

"சி ஷார்ப். அரை சுரம் குறைச்சு சொல்ற. உனக்கு அடிப்படை வகுப்புதான்."

"அதுல போட்டா என் ஸ்காலர்ஷிப் போயிடும், ப்ரொஃபசர்!"

"காதே இல்லாம எதுக்கும்மா மியூசிக் படிக்க வந்த?"

அழுதுகொண்டே போனாள். அடுத்து வந்த பத்துப் பேரும் அதே அரை சுரம் குறைத்தார்கள்.

ரூத் மெல்லச் சொன்னாள்: "ப்ரொஃபசர், நான் தட்டினதெல்லாம் அவங்க சொன்ன கட்டைதான்."

"அப்போ எல்லாரும் கட்டைய எட்டிப் பாத்துச் சொல்லியிருக்காங்க. வெயில்ல பியானோ சுருதி ஏறிப்போச்சு. வெர்னனைக் கூப்பிடு!"

சுருதி சேர்க்கும் வெர்னன் வந்தான். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தான்.

"பியானோ சுருதி சுத்தமா இருக்கு, ப்ரொஃபசர்."

"உனக்கும் காது போச்சா?"

"என் காத விடுங்க." பையிலிருந்து, எப்போதும் ஒரே சுரம் ஒலிக்கும் இசைக்கவையை எடுத்து, முழங்காலில் தட்டி, என் காதருகே பிடித்தான். "இது சி. வெறும் இரும்பு. இது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது."

கேட்டேன். சி ஷார்ப்.

"இன்னொரு தடவை தட்டு, வெர்னன்," என்றேன்.