விதை வெங்காயம் குடிவந்த வீடு

கடைசிக் கொத்தும் ஒரு வழியாக அடங்கிவிட்டது.

இலக்கியா முக்காலியிலிருந்து இறங்கி, இடுப்பில் கைவைத்து, நாலாபக்கமும் பார்த்தாள். அடேங்கப்பா! இந்த வீட்டுக்குள் இவ்வளவு இடம் இத்தனை நாளும் எங்கே ஒளிந்துகிடந்தது?

வீடு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெரம்பலூர் டவுனில் கீழ்த்தளத்து வாடகை வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கட்டில் போட்ட பிறகு கதவு பாதிதான் திறக்கும்.

அதற்குள்தான் மாமனார் ராசாங்கத்தின் விதை வெங்காயம் மொத்தமும் குடியேறியிருந்தது. குன்னத்துக்குப் பக்கத்தில் அவர் காட்டில், மூங்கிலும் ஓலையுமாகப் பட்டறை கட்டி அதில் வைத்திருந்தார். கோடை மழையோடு வந்த காற்று பட்டறையை அப்படியே சாய்த்துப் போட்டது. ஊர் வீட்டிலோ ஒழுகாத மூலை கிடையாது.

போனில் மனுஷன் குரல் உடைந்து பேசவும் இவளுக்குத் தாங்கவில்லை. "இங்க அனுப்புங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் வீட்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது.

குடிவந்த அன்றைக்கே மகேஷ் கறாராகச் சொல்லியிருந்தான். அவன் வீட்டுக்காரம்மாவின் மகன். குடும்பத்தோடு மாடியில் இருக்கிறான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மூட்டை முடிச்சு எதையும் கொண்டுவந்து அடுக்கக் கூடாது. அடுக்கினால் அந்த மாதமே காலி செய்துவிட வேண்டும்.

இவர்களுக்கு வேறு வீடு கிடைக்கும், அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இவ்வளவு வெங்காயத்தை எந்தக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் இறக்குவது? இந்த விதை அழுகினால் ஆடியில் காடு சும்மாதான் கிடக்கும். மாமனார் அதோடு ஒடிந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆணி இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே! பரணுக்கும் பீரோவுக்கும் குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு, காய்ந்த இலைத்தாளோடு முடிந்த வெங்காயக் கொத்துகளை வரிசையாகத் தொங்கவிட்டாள். சன்னல் கம்பியையும் விடவில்லை. கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, அடியில் சாக்கு விரித்துப் பரப்பினாள். பரணில் சும்மா குந்தியிருந்த கல்யாணச் சீர் அண்டாவை இறக்கி, புருஷனுடைய பேண்ட் சட்டையெல்லாம் அதில் திணித்து மூடினாள். வெங்காயம் காற்று கேட்கும். பேண்ட் கேட்காது.

"அண்டாவுக்குள்ள தலைய விட்டுத்தான் இனிமே சட்டை தேடணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தமிழ்மாறன் காலையில் செல்போன் கடைக்குக் கிளம்பினான்.

ஒரே ஒரு தொல்லை, வெங்காயத்தோல் சருகு. மின்விசிறியைப் போட்டால் பறந்து வாசலுக்கே போய்விடுகிறது. வீட்டுக்காரம்மா ஆண்டாயி நேற்று வாசலில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். இன்று காலையில் சன்னலோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள் இலக்கியா.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஆண்டாயியேதான். "வாங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள், பாதி திறந்த கதவில் உடம்பை ஒடுக்கி உள்ளே வந்துவிட்டாள்.

மூங்கிலைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு வெங்காயத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"ஆணி ஒன்னுகூட அடிக்கலம்மா" என்றாள் இலக்கியா.

ஆண்டாயி விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள்.

போச்சு, மகனைக் கூப்பிடப் போகிறாள்! மாமனாருக்கு என்ன பதில் சொல்வது? இலக்கியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆண்டாயி மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்போட்டாள்.

"ரெண்டு நாளா மோந்து மோந்து பாத்துட்டேன் பாப்பா. உன்னுது வேர்க்கல, ஒரு கெட்ட வாடை இல்ல." குரலை இன்னும் தணித்துக்கொண்டாள். "என்னோட வெதை வெங்காயம் ரெண்டு மூட்டை மோட்டார் ரூமுல காத்தில்லாம ஈரம் கோத்து வேர்த்துக் கெடக்கு. மவனுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கேன். தெரிஞ்சா, இந்த வயசுல உனக்கு என்ன வெவசாயம்னு வித்துப்புட்டு, காட்டையும் குத்தகைக்கு வுட்டுருவான்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. இலக்கியா கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாடிக்குக் கேட்டுவிடாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடிய பிறகும் தோள் குலுங்கியது.

ஆண்டாயி சிரிக்கவில்லை. வெங்காயம் விற்றே இந்த மாடி வீட்டைக் கட்டியவள், வாடகைக்கு வீடு கேட்டு வந்தவள்போலச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"ஆடி வரைக்கும்தான் பாப்பா. உன் வூட்டுல எனக்குக் கொஞ்சம் எடம் குடுப்பியா?"

இலக்கியா எழுந்து கட்டிலிலிருந்த மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.