மாமியாரின் தலை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சிக்கூடத்தின் இரண்டாம் அறையில் ஏழு சிற்பிகளின் சுடுமண் சிற்பங்கள் திறப்பு விழாவுக்குத் தயாராக இருந்தன. ஏழாமவள் செய்திருந்தது தன் மாமியாரின் தலை. அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, காவல் மாதிரி பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

“பின்னந்தலையில ஓட்டை தெரியுதும்மா,” என்றார் கூடத்தின் பொறுப்பாளர். “முகத்தைக் காட்டி வைங்க.”

“ஓட்டை தெரியணும் சார். இல்லன்னா எடுத்துட்டுப் போயிடறேன்.”

“உங்க மாமியார் வர்றாங்களாமே. நாலு பேர் முன்னாடி மனசு நோகாதா? வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்குங்க.”

“அவங்க பார்க்கணும்னுதான் திருப்பியே வச்சேன்.”

அதற்குள் மாமியாரே வந்துவிட்டார். பொறுப்பாளர் அவசரமாகச் சிற்பத்தை மறைத்து நின்றார்.

“கொஞ்சம் தள்ளுங்க தம்பி.” மாமியார் குனிந்து ஓட்டையை உற்றுப் பார்த்தார். “கோணலாக் குத்திட்டேன் போலிருக்கே.”

“பரவாயில்ல அத்தை,” என்ற மருமகள் பொறுப்பாளரிடம் திரும்பினாள். “உள்காத்து வெளிய போக வழியில்லன்னா சூளையில வெடிச்சிடும் சார். ஓட்டை போட மறந்து ரெண்டு தலையை வெடிக்க விட்டேன். இதுக்கும் மறந்துட்டேன். மண்ணு காயறதுக்குள்ள, ஸ்வெட்டர் பின்னுற ஊசியால குத்திக் காப்பாத்தினது இவங்கதான்.”

பத்தரைக்குக் கண்காட்சி திறந்தது. தலை சுவரைப் பார்த்தே இருந்தது. அதன் கீழிருந்த அட்டையில் சிற்பிகள் என்று இரண்டு பெயர்கள் இருந்தன.