ஐஸ்குச்சி வைத்த பெயர்

மாடித் தோட்டத்துத் தயிர் டப்பாவில் ஒரு மிளகாய் விதை முளைத்தது. பக்கத்தில் ஓர் ஐஸ்குச்சி நின்றது. விதை போட்ட ஜெசிந்தா அதில் 'குடைமிளகாய்' என்று எழுதிக் குத்தியிருந்தாள்.

"நீ குடைமிளகாய். குண்டா, காரமே இல்லாமத்தான் காய்க்கணும். எழுதியிருக்கு பாரு," என்று குச்சி தினமும் அதட்டியது.

"எனக்குள்ள என்னமோ எரியுதே, அண்ணே!"

"எரியுதுன்னு எங்கயும் எழுதல."

செடி வளர்ந்து பெரிய தொட்டிக்கு மாறியது. குச்சியும் கூடவே வந்தது. ஒருநாள் செடி முழுக்க நகத்தளவுக் காய்கள், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன.

"தொங்கு! குண்டாகு! இல்லேன்னா பிடுங்கி எறிஞ்சிடுவாங்க!" என்று குச்சி கதறியது.

"எறியட்டும். என்னால இப்படித்தான் காய்க்க முடியும்," என்றது செடி.

ஜெசிந்தா வந்தாள். ஒரு காயைப் பறித்து நறுக்கென்று கடித்தாள். அடுத்த நொடி அலறிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அடி கள்ளி, நீ ஊசிமிளகாயா! இதுக்குத்தானே நான் ஊரெல்லாம் அலைஞ்சேன்!"

குச்சியைப் பிடுங்கி, மறுபக்கத்தில் 'ஊசிமிளகாய்' என்று எழுதிக் குத்திவிட்டுப் போனாள்.

செடி இன்னும் நிமிர்ந்தது. குச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்துத் தொட்டிக் கத்தரிச் செடியிடம் சொன்னது:

"நான் முதல் நாளே சொன்னேன், இது ஊசிமிளகாய்னு."