இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்

சட்டமன்றக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கிறது. நிறுத்தச் சொன்னவர் ஆளுங்கட்சி உறுப்பினர். தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில், பொத்தான்மேல் வைத்த விரலை எடுக்கத் தோன்றாமல் நிற்கிறார் லிஃப்ட்காரர். தலைக்கு மேல் சின்ன மின்விசிறி கடகடக்கிறது. "உங்கம்மா சாவுக்கு வர முடியலடா. போனா கட்சிய விட்டுத் தூக்கிடுவோம்னுட்டாங்க" என்று உடன் நிற்கும் எதிர்க்கட்சி உறுப்பினரின் கையைப் பிடித்துக்கொள்கிறார் ஆளுங்கட்சிக்காரர். "தெரியும், விடுடா. கடைசி வரைக்கும் உன்னத்தான் கேட்டுச்சு" என்கிறார் மற்றவர். அரைமணிக்கு முன்னால் இதே இருவரும் அவையில் ஒருவரையொருவர் நாயே பேயே என்று வைதது லிஃப்ட்காரரின் காதில் இன்னும் இரைகிறது. எதை நம்புவது, கண்ணை எங்கே வைப்பது என்று புரியாமல் மாடி எண்களையே பார்க்கிறார். "போலாம்ணே" என்கிறார் ஆளுங்கட்சிக்காரர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

கதவு திறக்கிறது. வெளியே இரு கட்சி ஆட்களும் கேமராக்களும். "உன் மூஞ்சில முழிச்சதே பாவம்டா" என்று கத்திக்கொண்டு ஒருவர் இந்தப் பக்கம் போகிறார். காறித் துப்பாத குறையாக மற்றவர் அந்தப் பக்கம். கட்சிக்காரன் ஒருவன் உள்ளே தலையை நீட்டுகிறான். "என்னண்ணே இவ்ளோ நேரம்? உள்ள அடிச்சுக்கிட்டாங்களா?"

லிஃப்ட்காரர் இரண்டு பக்கமும் பார்க்கிறார். "ஆமாப்பா. விலக்கி விடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.