விடுபட்ட வருடத்தின் வெங்காய விலை

பொருளாதார அளவியல் ப்ராஜெக்ட்டுக்கு நாற்பது வருட வெங்காய விலை வேண்டும். மாணவிக்கு ஒரே ஒரு வருடம் மட்டும் அகப்படவில்லை. பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"என் ஆய்வேட்டுல அந்த வருஷம் பன்னிரண்டு மாசமும் இருக்கு. அதப் பார்த்து எழுதக் கூடாது. நான் தேடின எடத்துல நீயும் போய்த் தேடு."

மறுநாள் ஒப்படைக்காவிட்டால் ஒரு வருடப் படிப்பே வீண். புள்ளியியல் அலுவலகப் பதிவறையில், ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்த எழுத்தர் அலமாரியைத் திறந்து காட்டினார். அந்த வருடத்துப் பதிவேடு இருக்கவேண்டிய இடத்தில் கரையான் மண் இருந்தது.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இப்படித்தாம்மா இருந்துச்சு."

மாணவிக்குக் கண் கலங்கியது. "எங்க பேராசிரியர் படிக்கிறப்ப இங்கதான் எடுத்தேன்னு சொன்னாரே, ஐயா!"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு பையன் இதே மேஜையில தலைய வெச்சு அழுதான். மனசு கேக்கல. சாமிய வேண்டிக்கிட்டு, தோணின வெலைய பன்னிரண்டு மாசத்துக்கும் எழுதிக் குடுத்தேன். பேராசிரியராவே ஆயிட்டானா? நல்லா இருக்கட்டும்."

பிறகு இழுப்பறையிலிருந்து பழுத்துப்போன ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நகல் வெச்சிருக்கேன். உனக்கும் அதே வெலதாம்மா. ஆளுக்கொரு வெல சொன்னா பாவம்."