ஆர் சொன்னது?

"இண்டைக்குப் பேய் வராது பிள்ளை. எனக்கு மனம் சரியில்லை" என்றார் சிவபாலன்.

ராதாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன அங்கிள், மெல்போர்ன்லேருந்து எங்க ஊர் ஆளுங்க ஒரு வேன் நிறைய வந்திருக்கோம். இப்படிச் சொன்னா எப்படி?"

சிவபாலன் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு லாந்தரைக் கையில் எடுத்தார். ஓய்வுபெற்ற கட்டட என்ஜினியர். தங்கம் தோண்டிய காலத்தில் குதிரை வண்டிகள் தங்கிச் சென்ற சத்திரம் ஒன்று இந்தச் சின்ன ஊரில் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை ஆனால் ரோவிலில் உள்ள வீட்டிலிருந்து கிளம்பி வந்து, சத்திரத்தைச் சுற்றிக் காட்டிப் பேய்க் கதை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தமிழ்க் கூட்டம் வந்தால் தமிழிலேயே சொல்லுவார். ராதா முன்பே ஒரு முறை வந்து கேட்டவள்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா அங்கிள்?"

"மகன்ர கலியாணம் குழம்பிப் போச்சு. எல்லாம் பொருந்தி, நாள் பாக்கிற நேரம் பொம்பிளை வீட்டுக்காரர் வேண்டாமெண்டிட்டினம். தகப்பன் நாணயமில்லாத ஆளாம். ஆரோ என்னைப் பற்றிப் பிழையாச் சொல்லிப் போட்டினம்."

"உங்களைப் பத்தியா? எவ சொன்னாளோ, அவ நல்லா இருப்பாளா?" ராதாவுக்கு நிஜமாகவே ஆத்திரம் பொங்கியது.

சிவபாலனுக்கு அந்தக் கோபம் ஆறுதலாக இருந்தது. அவர் ஒரு காசுகூட யாரையும் ஏமாற்றியது இல்லை. பெண் வீட்டாரிடம் மறைத்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த அங்கியும் லாந்தரும். "கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுவம்" என்று மனைவி தடுத்திருந்தாள். மகனும் வாயைத் திறக்கவில்லை.

மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தைச் சத்திரத்துக்குள் அழைத்துப் போனார். அடுப்பின் புகைபோக்கிக்குள் லாந்தரை நீட்டினார். உள்ளே ஒரு மாடத்தில், சுருங்கிப்போன ஒற்றைச் சப்பாத்து இருந்தது.

"பேய் உள்ளுக்க வராம இருக்க அந்தக் காலத்து வெள்ளைக்காரர் இப்பிடி ஒளிச்சு வைக்கிறவை."

"எங்க ஊர்ல லாரிக்குப் பின்னாடி செருப்பு கட்டுவாங்களே, அது மாதிரியா?" என்றாள் ராதா. கூட்டம் சிரித்தது. சிவபாலன் கடமைக்குச் சிரித்துவிட்டு வாசலுக்கு வந்தார். முக்கியமான கதை அங்கேதான்.

"டேனியல் எண்டு ஒரு வண்டிக்காரன். தங்கப் பெட்டியளை இந்த வழியாலதான் கொண்டு போறவன். ஒரு நாள் கொள்ளைக்காரர் மறிச்சுப் பெட்டியைப் பறிச்சுப் போட்டினம். டேனியலும் அதுக்கு உடந்தையெண்டு ஆரோ ஒரு சொல் சொல்லிச்சினம். அதோட வேலை போச்சு. அவனுக்குப் பேசியிருந்த பெட்டை வேற ஆளைக் கட்டிட்டாள். செத்த பிறகும் அவன் இந்த வாசலை விட்டுப் போகேல்லை. லாந்தரைப் பிடிச்சுக்கொண்டு, வாறவையிட்டை ஒரே ஒரு கேள்விதான் கேப்பான்."

லாந்தரை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"ஆர் சொன்னது?"

வழக்கமாகக் குரலைத் தடிக்க வைத்துப் பயமுறுத்துவார். இன்று அது தேவைப்படவில்லை. அது அவருடைய கேள்வியாகவும் இருந்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதை முடிந்து மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனதும் ராதா அவரிடம் வந்தாள். "மனசு கேக்கல அங்கிள். பொண்ணு வீடு எங்க? தெரிஞ்சவங்களா இருந்தா நான் பேசிப் பார்க்கிறேன்."

"கிளேட்டன் பக்கம். தாய் இரஞ்சிதம் எண்டு, எங்கட ஊர் ஆள்தான், ஆஸ்பத்திரியில நேர்ஸ்."

ராதா துள்ளினாள். "அட, நம்ம ரஞ்சிதம் அக்கா! எங்க வார்டுதான் அங்கிள். போன வாரம்கூட, 'ரோவில் சிவபாலனைத் தெரியுமோ, ஆள் எப்பிடி?'ன்னு கேட்டாங்களே! கல்யாண விஷயம்னு அப்போ எனக்குத் தெரியாது. ஆனா உங்களை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்து தள்ளிட்டேன்."

சிவபாலனுக்கு உயிர் வந்தது. இப்படி ஒரு பிள்ளை நற்சான்று கொடுத்த பிறகுமா வேண்டாம் என்றார்கள்?

"என்ன பிள்ளை சொன்னனீங்கள்?"

"உள்ளதைத்தான் சொன்னேன். 'சிவபாலன் அங்கிளா? சூப்பரா பேய் காட்டுவாரு! வெள்ளைக்காரங்களுக்கே காட்டுறாரு. ஊர்லேருந்து வந்த என் மாமியாரைக்கூட விட்டு வைக்கல. ரிட்டயர் ஆனதுலேருந்து இதே வேலைதான்'னு. கேட்டுட்டு அக்கா அப்படியே வாயடைச்சுப் போயிட்டாங்க."

சிவபாலன் லாந்தரைக் கீழே வைத்துவிட்டு, சத்திரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"போனை எடுங்கோ பிள்ளை, இப்பவே இரஞ்சிதத்துக்கு விளங்கப்படுத்துங்கோ. எங்கட ஊரில பேய்க்காட்டுறது எண்டால் ஏமாத்துறது!"