தரகரை நம்பாதேங்கோ

காணி ஆலோசகர் என்று அட்டை அடித்து வைத்திருந்தாலும் புங்குடுதீவுக்குச் சுஜிதன் தரகன்தான். ஹோட்டல் கம்பனிக்காக மீனலோசனியின் ஒரே காணியை அடிமாட்டு விலைக்கு வாங்க வந்தவன், அவளுடைய கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததும் கலங்கிப்போனான். தண்ணீர் இளநீராய் இனித்தது.

"அக்கா, இதை விக்காதேங்கோ. பொறுத்தால் நல்ல விலை வரும்."

"தீவுக் கிணறெல்லாம் உப்பாகப் போகுது, இப்பவே வித்துப்போடுங்கோ எண்டு பேப்பரிலை 'காணியன்' எழுதினவர், தம்பி."

"அது பொய், அக்கா."

"அவர் பொய் எழுதமாட்டார். தரகர்மார் பொறுங்கோ, பொறுங்கோ எண்டு இழுத்தடிச்சு விலையைக் குறைப்பினம், நம்பாதேங்கோ எண்டும் எழுதினவர். எங்கை கையெழுத்து வைக்கிறது?"

சுஜிதன் தலைகுனிந்தான்.

"அக்கா, அந்தக் காணியன் நான்தான். கம்பனி சொல்லித்தான் அப்பிடி எழுதினனான்."

மீனலோசனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உம்மடை யாவாரத்துக்கு அந்த நல்ல மனிசன்ரை பேரை இழுக்காதையும்!"

அவன் சட்டைப் பையிலிருந்த பேனையை அவளே எடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து நீட்டினாள்.

வாங்கிய சுஜிதனுக்கு அதைக் கிழித்தெறியத்தான் மனம் சொன்னது. கை வரவில்லை.